வண்டியூர்க் கண்மாய், ஏழாம் பொறி

ஆமை புகுந்த வீடு விளங்காதென்று
யார் வீட்டிலோ பேச்சு வந்திருக்கும்.
ராவோடு ராவாக ஸ்கூட்டரில் வந்து
கரையில் விட்டுப் போயிருப்பார்கள்.
அன்றைக்குத் தீப்பெட்டி அளவு.

இன்றைக்குச் சோற்றுத் தட்டு.

வெளிக்காதே இல்லாத பிராணிக்குச்
சிவப்புக் காது என்று பேர்.
கண்ணுக்குப் பின்னால் கோடு இருந்தால் டிரம்,
இல்லாவிட்டால் தண்ணீர்.
ரேஞ்சர் மேடம் சொன்னது அவ்வளவுதான்.
நம்மூர்க் கருப்பாமைக்குக்
குந்த ஒரு கல் மிச்சமில்லையாம்.

சேவுகப்பெருமாள் வலையைத் தூக்குகிறான்.
நான் கழுத்துக்குக் காத்திருக்கிறேன்.
உள்ளே இழுத்துக்கொண்டால்
வெயிலில் குத்தவைத்து, பீடி அணையும்வரை,
மாட்டுத்தாவணி பஸ் இரைச்சல் கேட்டபடி.

பதினொன்றாவதன் முதுகில் நகப்பூச்சு.
ஓடு வளர்ந்ததில் எழுத்து பிரிந்து
'மி' ஒரு சில்லில்
'ட்டு' அடுத்த சில்லில்.

மிட்டு,
சும்மாதான் வாசித்தேன்.

தலையை நீட்டியது.

"கோடு தெரியுதா?" என்றான் சேவுகன்.

நோட்டில் பதினொன்று.
டிரம் மூடியில் காற்றுக்கென்று
நானே ஆணியடித்த ஓட்டைகள்.
எண்ணிப் பார்த்தேன்.
இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்.