இரண்டு டிகிரி

மெஹிகாலி எல்லைச் சாவடி. பிற்பகல் மூன்று மணி.
எனக்கு முன்னால் நூற்றிருபது கார்கள்.
வெப்பம் 46 என்கிறது கைபேசி.
அதன் கீழே பொடி எழுத்தில்:
உணர்வது 44.

உணர்வது யார்?

அந்தக் கணக்குக்குள் ஒருவன் இருக்கிறானாம்.
நடுத்தர உயரம், நடுத்தர எடை,
நோய் நொடி கிடையாது.
எந்நேரமும் நிழலிலேயே நடக்கிறான்.
அவன் போகிற பக்கமெல்லாம் கொஞ்சம் காற்று.

கார்களுக்கு நடுவே வருகிறாள் எடுவிகெஸ்,
தண்ணீர்ப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து
சரியாக வேர்ப்பதில்லை என்று
போன வாரம் சொன்னாள்.
இருபுறமும் எஞ்சின்கள்
அவள் முழங்காலில் மூச்சு விடுகின்றன.
செருப்பை ஒவ்வொரு அடிக்கும்
யோசித்துத்தான் விடுகிறது தார்.

கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன்.
"எவ்வளவு காட்டுது?"
சொன்னேன், இரண்டையும்.

சிரித்தாள். ஐஸ் விற்பவனைப் பார்த்துக் கத்தினாள்:
"ஹசிந்தோ! நம்மகிட்டேருந்து ரெண்டு டிகிரியை
எவனோ எடுத்துட்டானாம்!"

காற்று உலர்ந்திருந்தால் அப்படித்தான்,
வேர்வை சீக்கிரம் ஆவியாகும், அதனால்
என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள்
முன் கார் நகர்ந்தது.

மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்தாள்.
ஐந்து பெசோ.
கை தானாக உதறியது.
நாணயம் எங்கோ சீட்டுக்கடியில்.
அவள் அதற்குள் அடுத்த காருக்குப் போயிருந்தாள்.

சாவடியில் அதிகாரி குனிந்து கேட்டார்:
"அறிவிக்க ஏதாவது கொண்டுவருகிறீர்களா?"

ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
வட்டமாகச் சிவந்த உள்ளங்கையை
மடக்கிக்கொண்டு
ஒன்றுமில்லை என்றேன்.