பதினொரு ஓட்டு

பெயர் வாசிப்பது என் உத்தியோகம்.
மொன்டானா மாநில மேலவையில்
இருபத்திரண்டு வருஷம்
"ட்வெட்டன்" என்று நான் கூப்பிட,
காகிதத்திலிருந்து நிமிராமலே
"இல்லை" என்பார் ஹால்வர் ட்வெட்டன்.
புது வரிக்கு இல்லை.
கவர்னர் மாளிகைக் கூரைக்கு இல்லை.
சம்பள உயர்வுக்கு இல்லை,
அதில் அவர் சம்பளமும் இருந்தது.

அவர் பெயரில் வந்தது ஒரே மசோதா:
தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடமெல்லாம்
சிவப்பு விளக்கு, மணி, குறுக்கே ஒரு கட்டை.
ரயில் கம்பெனி விருந்து வைத்தது.
போனார். இரண்டாம் முறையும் கறி வாங்கிச் சாப்பிட்டார்.
மறுநாள் நான் பெயரை முடிக்கும் முன்பே
"ஆம்."
ஏன் இந்த மசோதா என்று கேட்டவர்களிடம்
பனிப்பொழிவைப் பற்றிப் பேசினார்.

நவம்பரில் தோற்றார், பதினொரு ஓட்டில்.
மறுபடி எண்ணச் சொல்லலாமே என்றோம்.
"என் மைத்துனர்களே பதினொரு பேர்,
எண்ணி என்ன தெரியப்போகிறது?"

மேஜை இழுப்பறையில் இருமல் மிட்டாய்,
ஒற்றைக் கையுறை,
யாருடையதோ ஒரு பால்பல், உறையில்.
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

என் கார் கிளம்பாததால் அவர் வண்டியில் ஏறினேன்.
ஊருக்கு வெளியே மணி அடித்தது, கட்டை இறங்கியது.
கோதுமை ரயில்.
நூற்றுப் பதினான்கு பெட்டி,
உரக்கவே எண்ணினார்.
கட்டை தூக்கிய பிறகும் வண்டி நகரவில்லை.
பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"ட்வெட்டன்" என்றேன்,
அவையில் கூப்பிடும் அதே குரலில்.

"ஆம்" என்றார்.
கியரை மாற்றினார்.