நாற்பது நிமிடம்

செவ்வாயும் வெள்ளியும்தான்
டொக்டர் இஃப்லால் கழுத்துத் திறக்கிற நாள்.
மற்ற நாளெல்லாம் பித்தப்பை, குடல்,
கிண்ணியாப் பாலத்தில் விழுந்தெழும்பும் மோட்டார் சைக்கிள்கள்.

இவர் என் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு
பாலையூற்றுக்குப் போனார்.
சாத்திரியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"சந்திரன் இடபத்தில் நிற்கேக்கை
கழுத்திலை ஆயுதம் படக்கூடாது.
வாற செவ்வாய்,
பத்துப் பன்னிரண்டுக்கும் பத்து ஐம்பதுக்கும் இடையிலை
முதல் கீறு விழட்டும்.
பிள்ளைக்குச் செவ்வாய் ஒன்பதிலை. பயமில்லை" என்றாராம்.

ஒன்பதில்.

என் செவ்வாய் எட்டில்.
அதை ஒரு வீடு தள்ளிக் குடியிருத்தியவர்கள்
அப்பாவும் தரகர் கதிரித்தம்பியும்.
விடியப்புறம் ஐந்து பத்துக்குப் பிறந்தவளை
ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள்
நாலரைக்குப் பிறக்க வைத்தார்கள்.
பச்சை மையில் கட்டம் போட்டார்கள்,
மூலையில் மஞ்சள் தடவினார்கள்.
என்னைவிட நாற்பது நிமிடம் மூத்த அவளைத்தான்
இவர் பொருத்தம் பார்த்துக் கட்டினார்.

பதினாறு வருடம் அவளோடு குடித்தனம்.
அவளுக்குச் சொன்ன வெளிநாட்டுப் பயணத்துக்கு
நான் கடவுச்சீட்டு எடுத்தேன்,
ஒரு முத்திரையும் விழாமல் காலாவதியானது.
எட்டில் செவ்வாய் தாலிக்கு ஆகாது என்பார்கள்.
இவர் இருக்கிறார்,
சீனியும் பிரஷரும் மட்டும் கொஞ்சம் கூட.

கழுத்தில் கட்டி நெல்லிக்காயளவு வந்தபோது
முதலில் நினைத்தது
இது சொல்லாமல் விட்டதுதான் என்று.
ஸ்கான் எடுத்தவர் வேறு பெயர் சொன்னார்.

திங்கள் இரவு வார்டில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
நேரம் எழுதிய துண்டை
இவர் பிளாஸ்கில் ஒட்டிக்கொண்டிருந்தார்,
ஈரத்தில் கழன்று விழ விழ
திரும்பத் திரும்ப.

விடிய கோணேசரிடம் போய் வந்தார்.
கோட்டை வாசலில் மான் ஒன்று
அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தில் பாதியைத் தின்றுவிட்டதாம்.
மிச்சப் பாதியைக் காட்டினார்.
"உமக்குச் சாப்பிடேலாது" என்று தானே உண்டார்.
கழுத்தில் பூசிய திருநீற்றை
நிலூஷா மிஸ்ஸி ஸ்பிரிட்டால் துடைத்தாள்.
"நெகதையா? என்ட அக்காட சீசரும் நெகதைக்குத்தான்"
என்று தன் தமிழில் சொல்லி
துண்டை ஒருமுறை வாசித்தாள்.

பத்து மணிக்குத் தள்ளுவண்டி புறப்பட்டது.
தியேட்டர் வாசலில் நின்றது.
எங்களை முந்திக்கொண்டு ஓடி வந்தது இன்னொன்று.
மூதூர்ப் பொடியன்,
மீனுக்கு எறிய வைத்திருந்தது கையிலேயே வெடித்து.
மணிக்கட்டுக்குக் கீழே சாரமொன்று சுற்றியிருந்தது.
அவனுக்கு ஒருவரும் நேரம் பார்த்திருக்கவில்லை.
கதவு திறந்தபடியே இருந்தது.

என்னைத் திருப்பி, சுவரோரம் விட்டார்கள்.
கண்ணை மூடிக் கிடந்தேன்.
இவருடைய செருப்பு வந்தது, நின்றது,
போனது, வந்தது.
பதினொன்றுக்குப் பிறகு
செருப்புச் சத்தமில்லை.

எழுப்பியபோது தியேட்டர் மணிக்கூட்டில்
மூன்று பத்து.
செவ்வாய்க்கிழமை மூன்று பத்து.
ராகு காலம் இலைபோட்டு உட்கார்ந்திருக்கிற நேரம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
மயக்க மருந்து டொக்டர் ஏனென்று கேட்டார்.
"டொக்டர், எனக்கு உண்மையில எட்டிலை" என்று தொடங்கினேன்.
"எட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கோ" என்றார்.
ஏழு,
ஆறு

குரல் சில நாள் கம்மும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.
தொண்டையில் பொட்டுக்கடலையளவு சொல்லும் நிற்கவில்லை.
கழுத்திலிருந்து ஒரு குழாய்
ரோஸ் நிறத் தண்ணீரைப் போத்தலுக்குள் விட்டுக்கொண்டிருந்தது.

இவர் குனிந்தார். வாயில் மதியப் பட்டினி மணத்தது.
"பத்து இருவதுக்கே துவங்கிட்டாங்கள்" என்றார்,
"சொன்ன நேரத்துக்குள்ளை."
மயக்கத்தில் எல்லாம் மறந்திருப்பேன் என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
துண்டு பிளாஸ்கில் இல்லை.
அது ஒட்டியிருந்த இடத்தில்
பிசின் மட்டும்.

அவரைப் பார்த்தேன்.
கட்டிய நாளிலிருந்து இவர் என்னிடம்
இவ்வளவு திருத்தமாய்ப் பொய் சொன்னதில்லை.
கையைத் தூக்கி
நாலு விரலைக் காட்டினேன்,
பிறகு ஒரு பூச்சியம் வளைத்தேன்.

பூச்சியத்தை அவர் கவனிக்கவில்லை.
"நாலு ஸ்பூன் தண்ணியோ?
கொஞ்சம் பொறும், மிஸ்ஸியைக் கேட்டு வாறன்"
என்று எழும்பிப் போனார்.