இறக்கக் கணக்கு

கரண்ட் பில் அட்டையின் பின்பக்கம்
கோடு கிழித்து எழுதிக்கொண்டு போனேன்:
டீசல், கேஸ், பேட்டரி.
ஐந்து ரோட்டு ஷோரூமில் காபி கொடுத்தார்கள்.
மாதேசன் ஷூ இல்லாத காலை
நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

எங்கள் தொழில் ரொட்டி.
விடியற்காலை நான்கு மணிக்கு
அஸ்தம்பட்டி அடுப்பின் சூடு ஆறுமுன்னே
ஏற்காட்டு ஹாஸ்டல்களுக்கு ஏற்றவேண்டும்.
இருபது கொண்டை ஊசி.
பதினோராவதில் எங்கள் டீசல் வண்டி
இருமிவிட்டுத்தான் மேலே போகும்.
பதினான்கு வருஷ இருமல்.

கேஸ் வண்டி மலிவு என்றார்கள்.
மெக்கானிக் ரவூப் சிரித்தான்:
"சமவெளிக்கு அது ராஜா.
ஏத்தத்துல மூச்சு வாங்கும், அண்ணி.
பங்க்ல நிக்கற நேரத்துல
உங்க பன்னு பழசாயிடும்."
சிலிண்டர் உட்காரும் இடத்தில்
எத்தனை தட்டு குறையும் என்று
நான் விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி வண்டியைக் காட்டிய பெண்ணின் பெயர் பிரிசில்லா.
"ஏறும்போது முப்பத்தெட்டு சதவீதம் குடிக்கும், அக்கா.
இறங்கும்போது பத்து திருப்பித் தரும்."
யார் தருவது என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
"மலைதான்" என்றாள்.

மாதேசன் தலை நிமிர்ந்தார்.

டீசல் மிச்சம் பிடிக்க
நியூட்ரலில் இறங்கிய வருஷங்கள் உண்டு அவருக்கு.
ஏழாவது வளைவில் ஒருநாள்
பிரேக் கருகிய வாசனை,
டயருக்கு முட்டுக்கொடுத்த கல்,
கைகள் நடுங்கி அடங்கும்வரை
காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.
எனக்குச் சொன்னது மூன்று வருஷம் கழித்து,
பல் தேய்த்துக்கொண்டே.

வீட்டுக்காரர் நடேசனிடம் பிளக் பாயிண்ட் கேட்டோம்.
மீட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
"யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மழை பேஞ்சா போடக்கூடாது."
மலை திருப்பித் தருவதை
இவர் எடுத்துக்கொள்வார்.

ஓட்டிப் பார்க்க வண்டி கொடுத்தார்கள்.
சும்மா வண்டி எந்த மலையும் ஏறும்.
லீ பஜாரில் தெரிந்தவரிடம் கெஞ்சி
எட்டு மூட்டை ஜவ்வரிசி ஏற்றினேன்.
பிரிசில்லா நடுவில் உட்கார்ந்து
ஜெபம் போல ஏதோ முணுமுணுத்தாள்.

பதினோராவதில் இருமல் இல்லை.
அந்த இடத்தில் எனக்கு என்னவோ போல் இருந்தது.
ஏரிக்கரையில் திருப்பும்போது
திரையில் அறுபத்திரண்டு.

இறக்கத்தில் அவர் காலை எடுத்தார்.
வண்டி தானே தன்னைப் பிடித்துக்கொண்டு இறங்கியது,
பிடிவாதக்காரக் குழந்தை
கையை விடாமல் நடப்பதுபோல.
அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு.
யாரும் பேசவில்லை.
ஏழாவது வளைவில் எதிரே எதுவும் வராமலே
ஓரமாக நிறுத்தினார்.
இறங்கவில்லை. பார்த்தார். எடுத்தார்.

அடிவாரத்தில் எழுபத்தொன்று.
"ஒன்பதுதான்" என்றார்,
கடன் திரும்பி வந்தவரின் குரலில்.
ஒன்று குறைகிறதே என்று பிரிசில்லாவைப் பார்த்தேன்.
"மூட்டை கனம், அக்கா" என்றாள்.

அட்டையில் ஒன்பதை எழுதினேன்.
அதன் கீழே பன்னிரண்டு.
அதன் கீழே நாற்பத்தெட்டு மாதத் தவணை.
கூட்டுவதா கழிப்பதா என்று
பேனா நின்ற இடத்தில் மை ஊறியிருக்கிறது.

நாளைக்கு நான்கு மணிக்கு
பழைய வண்டிதான்.
ஐந்நூறு ரூபாய்க்கு டீசல் போட்டுவிட்டு வந்து
மாதேசன் தூங்கிவிட்டார்.
வலது கால் மட்டும்
போர்வைக்கு வெளியே,
எதையும் மிதிக்காமல்.