என் கன்னத்துக்கு ஐந்து மார்க்

தண்டையார்பேட்டைப் பள்ளியில்
மைக்ராஸ்கோப் மூன்று.
ஒன்றுக்குக் கண் இல்லை.
ஒன்றுக்குக் கழுத்து நிற்காது.
மிச்சமிருப்பதை நான்தான் துடைத்து வைப்பேன்,
பழைய காட்டன் புடவைக் கிழிசலால்.

பிராக்டிகல் அன்றைக்குக் காலை ஏழுக்கே
இரண்டு வெங்காயம், ஒரு பல்குத்தும் குச்சி.
வெங்காயம் பள்ளிக் கணக்கில் வராது,
என் கணக்கு.
விலங்கு செல்லுக்கு வெளியே தேடுவதில்லை.
இடது கன்னத்தின் உட்புறம்
குச்சியால் லேசாக வழித்துக்
கண்ணாடியில் தேய்த்து
ஒரு சொட்டு நீலம் விட்டால்
அதுதான் விலங்கு.

பதினோரு வருசமாக
இங்கே படித்துப் போனவர்கள் எல்லோரும்
என் கன்னத்தை வரைந்துதான் ஐந்து மார்க் வாங்கினார்கள்.
மீன் ஏலத்தில் கத்துகிற நெல்சன்,
மணலியில் டேங்க் கழுவும் குப்புராஜ்,
எல்லார் ரெக்கார்டு நோட்டிலும்
ஒரு பக்கம் நான்,
எச்பி பென்சிலில்.
யாருக்கும் தெரியாது.

வெங்காயத் தோலை முதன்முதலாகப் பார்த்தபோது
எங்கள் ஹவுசிங் போர்டை
மேலேயிருந்து யாரோ படம் பிடித்ததாக நினைத்தேன்.
சுவரோடு சுவர்.
இங்கே குக்கர் கத்தினால் அங்கே தாளிக்கலாம்.
எங்கள் வீட்டில் நடுக்கூடத்தில் நீல டிரம்,
அதைச் சுற்றி
நாங்கள் நாலு பேரும் பீரோவும் டிவியும் ஓரமாக.
செல்லிலும் அப்படியே.
தண்ணீர் நடுவில் உட்கார்ந்திருக்கும்,
உட்கரு மூலையில் ஒதுங்கியிருக்கும்.
லாரி வராத வாரம் துவண்டு போவதும்கூட
ஒன்றுதான்.

பச்சை தேடினால் கிடைக்காது.
மண்ணுக்குள் கிடந்ததற்குப் பசுங்கணிகம் எதற்கு?
சோறு மேலே இலையில் வெந்து
இறங்கி வந்தது.

என் கன்னம் வேறு மாதிரி.
சுவர் கிடையாது.
மெல்லிய சவ்வு, அதுவே வாசல், அதுவே காவல்.
ஓரம் மடிந்து
ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கும்.
நடுவில் நீலப் புள்ளி.
என் மூக்கையும் முன்கோபத்தையும்
அதற்குள்தான் எழுதி மடித்து வைத்திருக்கிறதாம்.
மைட்டோகாண்ட்ரியா இந்தக் கண்ணாடிக்குத் தெரியாது.
செல்லுக்கு அடுப்பு அதுதான்,
அம்மா வழியாக மட்டும் வருமென்று
எக்சாமினர் யாரிடமோ சொன்னார்.
அடுப்பு
அம்மா வீட்டுச் சீர்தானே.

உப்புத் தண்ணீர் விட்டால் இரண்டும் சுருங்கும்,
காசிமேட்டுக் கருவாட்டுக்காரிக்கு
இதற்குப் புத்தகம் வேண்டாம்.
வெறும் தண்ணீர் ஏறினால்தான் வித்தியாசம்.
வெங்காயம் விறைத்து நிற்கும், சுவர் தாங்கும்.
என்னுடையது உப்பி உப்பி
வெடிக்கும்.

நேற்று தேவகிருபை வரைந்தாள்.
கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்தில் வீடு.
போன வாரம்தான் அவர்கள் கதவில்
சிவப்பு பெயிண்டில் ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள்.
உட்கரு சரி.
சவ்வு சரி.
சைட்டோபிளாசத்துக்குப் புள்ளிகள்கூடச் சீராக.
எல்லாவற்றையும் சுற்றி,
முனை உடையுமளவு அழுத்தி,
நாலு மூலையும் வைத்து
ஒரு சுவர்.

"விலங்கு செல்லுக்குச் சுவர் ஏதும்மா?"
அரை மார்க் போனது.
அழித்துவிட்டு வரையச் சொன்னார்.
ரப்பர் இல்லை சார் என்றாள்.
பாக்ஸில் இருந்தது, நான் பார்த்தேன்.

சாயங்காலம் குழாயடியில் ஸ்லைடு கழுவினேன்.
வெங்காயத் தோல் முழுசாக உரிந்து
சாக்கடை வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது.
கன்னம்
விரல் பட்டதும் போயிற்று.
டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்,
சுத்தம்.

நாக்கால் இடது பக்கம் தொட்டால்
கொஞ்சம் எரிகிறது.
நாளைக்கு பி பேட்ச்.
வலது பக்கம் எடுக்கணும்.