பழைய எண், புது எண்

எங்கள் பக்கம் எந்த வீட்டுக்கும் ரெண்டு எண்.
பழைய எண் பதினாலு, புது எண் முப்பத்தொன்று.
கொரியர்காரன் இரண்டையும் கத்திப் பார்த்துவிட்டு
தெருமுனையோடு திரும்பிப் போய்விடுவான்.

நான் வீடுகளுக்குக் கொடுக்கும் எண்
அந்த அளவுக்குக்கூட நிற்காது.
கரண்ட் போய் வந்தால் மாறும்.
பெட்டியை அணைத்துப் போட்டால் மாறும்.
நேற்று ஜீவரத்தினம் நகரில் இருந்தது
இன்று நேதாஜி நகரில் யாருக்கோ சினிமா காட்டும்.
மொட்டைமாடி மொட்டைமாடியாக ஒயர் இழுப்பவன் நான்.
எந்தக் கம்பம் வரை போகிறதென்று தெரியும்.
அதற்குமேல் காற்று.

தெல்பினாக்கா காசிமேட்டில் மீன் வெட்டுவாள்,
வெட்டுவதைப் படம் பிடித்துப் போடுவாள்.
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டி
"இது ரத்தம், அது சாயம், பாத்துக்கோ" என்பாள்.
நாற்பதாயிரம் பேர் பாத்துக்கொள்கிறார்கள்.

அதில் ஒருத்தன்
பேர் உண்மைவிளம்பி, முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ.
கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் புருஷனையும்
அவள் இடுப்பையும்
ஒரே வரியில் எழுதினான்.
அழித்தாள். மறுபடி எழுதினான்.
பன்னிரண்டு நாள்.

எஸ்.ஐ. ஷம்ஷாத் மேடம் கடிதம் போட்டு
நாற்பத்தேழு நாள் கழித்து வந்தது காகிதம்.
மூன்று புள்ளி, நாலு எண், ஒரு நேரம்:
23.40.
"ராத்திரி பதினொன்னு நாப்பதுக்கு இந்த எண் யார் வீட்ல?"
பதிவைத் திறந்தேன்.
நேதாஜி நகர், ரீகன் வீடு.
பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம்.

சொல்லிவிட்டு டீ குடித்தேன்.

ஸ்டேஷனில் ரெண்டு அறை விழுந்ததாம்.
"மேட்ச் பாத்துட்டிருந்தேன் சார்" என்றானாம்.
எல்லாரும் மேட்ச்தான் பார்க்கிறார்கள்.
போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.
மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில்
யாரோ மீன் குடலைக் கொட்டியிருந்தார்கள்.
பையன் எர்ணாவூர் அத்தை வீட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிறு சும்மா இருந்தபோது
காகிதத்தின் நகலை மறுபடி பார்த்தேன்.
நேரத்துக்குப் பக்கத்தில் எறும்பு அளவில்
மூன்று ஆங்கில எழுத்து.
உலகப் பொது நேரம்.
நம் ஊர் அதற்கு ஐந்தரை மணி முன்னால்.

விரல் விட்டுக் கூட்டினேன்.
காலை ஐந்து பத்து.

ஐந்து பத்துக்கு அந்த எண்
ரீகன் வீட்டை விட்டு எப்போதோ போயிருந்தது.
இரண்டு மணிக்குக் கரண்ட் கட், மூன்றுக்கு வந்தது,
மூன்றேகாலுக்கு
ஹவுசிங் போர்டு, பி பிளாக், மூன்றாம் மாடி,
என் பேரில் இருக்கும் பெட்டி.

என் பெட்டியில் ஒன்பது வீடு.
மாசம் நூறு ரூபாய், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு.
ஐந்து பத்து, தண்ணி லாரி வரும் நேரம்.
ஒன்பது வீட்டிலும் விளக்கு எரியும்,
குடம் வரிசையில் நிற்கும்,
குடத்துக்குப் பின்னால் நிற்பவர்கள்
குனிந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
ஏலக்கடைக் கணக்கர். ஆட்டோ மகிமைதாஸ்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் முத்தழகு.
குத்துச்சண்டைப் பயிற்சிக்குக் கிளம்பும் என் பிள்ளை.
யார் கட்டைவிரல் என்று
என் பதிவு சொல்லாது.

கணக்கைத் தாளில் எழுதி
சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.
நாலு நாளாக வைத்திருக்கிறேன்.
சட்டையை மாற்றும்போது
தாளையும் மாற்றி வைக்கிறேன்.

இன்று நெத்திலி வாங்கப் போனேன்.
தெல்பினாக்கா முகத்தைப் பார்க்கவில்லை.
இப்போது யார் வந்தாலும்
காசு நீட்டும் கையைத்தான் பார்க்கிறாள்.
"பையனைப் புடிச்சிட்டாங்க இல்ல, அக்கா?"
பக்கத்துக் கடைக்காரி கேட்டாள்.
"புடிச்சாங்க" என்றாள் தெல்பினா.
"நேத்து ராத்திரியும் எழுதியிருக்கான்."

தராசுத் தட்டில் நெத்திலி துள்ளவில்லை.
நான் இடது கையால்
காசை நீட்டினேன்.