பட்டியலில் உள்ளபடி

இந்த நாட்டு எழுத்தில் நான் முதலில் கற்றது
பன்றி.
இரண்டாவது, சாராயம்.
மழை, கதவு, நன்றி எல்லாம்
அப்புறம் வந்து சேர்ந்தவை.
கடையில் பொட்டலத்தைப் புரட்டி
பொடி எழுத்துகளுக்குள் விரலால் துழாவுவேன்
தலைமுடியில் ஈர் பார்க்கிற மாதிரி.

மாதக் கடைசியில் நைலாவின் பையில்
மடித்து வரும் ஒரு தாள்:
அடுத்த மாதம் பள்ளியில் என்னென்ன சாப்பாடு,
எதில் எது கலந்திருக்கிறது, எத்தனை கிராம்.
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவேன்.
கெசென்னுமாவில் எங்கள் வீட்டுக்கு
கிப்லாவும் அந்தக் கதவுப் பக்கம்தான்.
ஸஜ்தாவிலிருந்து எழும்போதெல்லாம்
அல்லாஹ் மன்னிக்கட்டும், கண்ணில் படும்
வியாழன்: உருளைக்கிழங்குக் குழம்பு.

அவர்கள் பன்றியில் செய்வதை
நான் கோழியில் செய்வேன்.
அதே வட்டம், அதே பழுப்பு.
அவர்களுக்கு ஜெலட்டின், எனக்குக் கடற்பாசி.
சமையல் மதுவுக்குப் பதில்
ஆப்பிள் சாறும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும்.
சூப்பில் காரட் என்ன வடிவம் என்று கேட்டு
கசுகா டீச்சருக்கு ஒருமுறை கடிதமே எழுதினேன்.
அவர் படம் வரைந்து அனுப்பினார்: நட்சத்திரம்.
ஓரத்தில் அளவு, இரண்டரை சென்டிமீட்டர்.
அன்று பனிக்கட்டி ஆலையில் வேலை முடிந்து
அந்த அச்சுக்காக யுஸ்ரிசால்
மூன்று கடை ஏறி இறங்கினார்.

பிள்ளையின் தட்டு தனியாகத் தெரியக் கூடாது.
அவ்வளவுதான் விஷயம்.
மற்றபடி இங்கே யாரும் எங்களை
ஒன்றும் சொன்னதில்லை.
மாடிப்படியில் ஒதுங்கி வழிவிடுவார்கள்.
குனிவார்கள், நாங்களும் குனிவோம்,
யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அப்படியே.

நோன்பு மாதத்தில் அவள் டப்பாவுக்கும்
ஸஹர் நேரத்திலேயே சமைத்துவிடுவேன்.
விடிந்தபின் உப்புப் பார்க்க முடியாதே.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
பனி கொட்டி, செந்தாய் லாரி வழியில் நின்றுவிட்டது.
பள்ளியில் ரொட்டி, பால், ஒரு பொட்டலம் ஜாம்.
முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் அதுதான்.
என் மகள் மட்டும் திறந்திருக்கிறாள்
மீன் கட்லெட், முட்டைக்கோஸ், மிசோ சூப்.
பட்டியலில் உள்ளபடி.

டீச்சர் போனில் சொன்னதும்
வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது.
பூட்ஸைக்கூடக் கழற்றவிடாமல் கேட்டேன்.
எல்லாரும் பார்த்தாங்களா?
பார்த்தாங்க.
பங்கு கொடுத்தியா?
கூடாதும்மா, பள்ளிச் சட்டம்.
அப்புறம்?
மினோரி கேட்டாளாம்,
எப்படி இருக்கு, சொல்லேன்.
இவள் சொன்னாளாம். மேலே மொறுமொறு,
உள்ளே சூடு இல்லை, முள்ளும் இல்லை,
எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்.
பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றதும்
நாற்காலி மேல் ஏறிச் சொன்னாளாம்.
அத்தனை பேரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே
மீன் தின்றார்களாம்.

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள்
"ஆனா நீ செய்றது பள்ளியில தர்ற மாதிரி
ஒரு நாளும் இருந்ததில்லையேம்மா.
எல்லாருக்கும் தெரியுமே" என்றாள்.
மணி நாலு என்று சொல்வது போல.
அவள் பூட்ஸிலிருந்து பனி உருகி
வாசல் பாய்வரை வந்துவிட்டது.

மூன்று வருடம்.

இரவு யுஸ்ரிசாலிடம் சொன்னேன்.
நானும் நினைச்சதுண்டு, என்றார்,
உன் கையில மொறுமொறுப்பு கொஞ்சம் கூடுதல்தான்.

மார்ச் தாள் வந்துவிட்டது.
மூன்றாம் தேதி, பெண்பிள்ளைகள் திருநாள்.
சோற்றின்மேல் காரட், பூ வடிவில்.
பூ அச்சும் வாங்கியாயிற்று.
வெட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.
பூவைத் தட்டி எடுத்ததும்
துண்டுக்குள் பூ அளவு ஓட்டை நிற்கிறது.
அதை எறிவதில்லை.
பாடாங் மிளகாய் நிறையப் போட்டு வதக்கினால்
ஸஹருக்கு எங்கள் இருவருக்கும் ஆகும்.